திறக்காமல் எப்படித் தெரியும்?

பார்சல் வந்துச்சு. டேப்பைக் கிழிச்சீங்க. உள்ளே இருந்த மிக்ஸியை எடுத்து மேடையில வெச்சு சுவிட்சைப் போட்டீங்க. ஓடலை.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் பதில் தயாராக இருக்கிறது: "சார், நீங்க பாக்ஸை ஓப்பன் பண்ணிட்டீங்க. ஓப்பன் பண்ணின பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது."

மக்களே, இந்த ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று யோசிச்சுப் பாருங்க. பொருள் கெட்டுப் போயிருக்கு என்பது திறந்தால்தான் தெரியும். திறந்தால் திருப்பித் தர முடியாதாம். அப்படின்னா கெட்டுப்போன பொருளை எப்பத்தான் திருப்பித் தர முடியும்? திறக்காமலே உள்ளே இருக்கிறது ஓடாது என்று கண்டுபிடிக்க நாம என்ன ஜோசியக்காரங்களா?

இதற்குப் பெயர் ரிட்டர்ன் பாலிசி இல்லை. ரிட்டர்ன் உண்டு என்று விளம்பரத்தில் காட்டிவிட்டு, ரிட்டர்ன் கிடையாது என்று நடைமுறையில் செய்யும் ஏமாற்று. தீபாவளிக்கு போனஸ் வாங்கி ஒரு வாஷிங் மெஷின் புக் பண்ணின குடும்பத்தின் பணம், மகளிர் குழுவில் கடன் எடுத்துத் தையல் மெஷின் வாங்கினவரின் பணம், பிள்ளையின் படிப்புக்கு இ.எம்.ஐ.யில் டேப்லெட் வாங்கின அப்பாவின் பணம், எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கிட்டு நிக்குது. பொருள் ஓடாவிட்டாலும் இ.எம்.ஐ. மட்டும் மாதாமாதம் ஒழுங்காக ஓடும்.

*கடையில் நமக்கு இருந்த உரிமை*

நம்ம ஊர் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போங்க. 100 ரூபாய் பல்ப் ஒன்று வாங்கினாலும் கடைக்காரர் அதை ஹோல்டரில் மாட்டி, எரிய வெச்சுக் காட்டித்தான் கையில் தருவார். ஃபேன் வாங்கினால் ஓடவிட்டுக் காட்டுவார். பாத்திரக் கடையில் அம்மா குடத்தைத் தட்டிப் பார்ப்பாங்க, கவிழ்த்துப் பார்ப்பாங்க. ஜவுளிக் கடையில் இருபது சேலையை விரிச்சுப் போட்டு, ஒன்றையும் எடுக்காமல் எழுந்து வந்தாலும் யாரும் நம்மை மடக்கி நிறுத்த முடியாது. பார்த்து, தொட்டு, தட்டி, ஓடவிட்டு வாங்குவது நம்ம பழக்கம். அது சலுகை இல்லை, வாங்குகிறவரின் உரிமை.

ஆன்லைனில் அந்த உரிமையை விட்டுக்கொடுத்துத்தான் வாங்குறோம். பணத்தை முதலில் கட்டுறோம், பொருளைப் பிறகு பார்க்கிறோம். செல்போன் திரையில் தெரியும் நான்கு படம், "பெஸ்ட் குவாலிட்டி" என்ற இரண்டு வார்த்தை, யார் எழுதியது என்று தெரியாத நாலு ஸ்டார், இதை நம்பித்தான் ஆர்டர் போடுறோம். அதனால் வீட்டில் பெட்டியைத் திறக்கும் அந்த நிமிஷம்தான் நாம கடைக்குள்ளே காலடி எடுத்து வைக்கிற நிமிஷம். அந்தப் பார்வையைத் தடுப்பவன், "கடைக்கு வா, பணத்தைக் கட்டு, ஆனா கண்ணை மூடிக்கோ" என்று சொல்கிறான்.

*சட்டம் என்ன சொல்லுது?*

நல்ல சேதி என்னவென்றால், சட்டம் அவங்க பக்கம் இல்லை. நம்ம பக்கம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, இது 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆன்லைனில் வாங்குகிறவரும் நுகர்வோர்தான் என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகவே சொல்லுது. அதில் 2(47) என்ற பிரிவு "நியாயமற்ற வணிக நடைமுறை" எது எது என்று பட்டியல் போடுது. அந்தப் பட்டியலில் இதுவும் ஒன்று: குறைபாடுள்ள பொருளை விற்றுவிட்டு, அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது. பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்தாகணும்.

அதே 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் இன்னும் தெளிவு. 6-ஆவது விதியைப் பாருங்க. ஆன்லைன் சந்தையில் விற்கும் எந்த விற்பனையாளரும் கீழே சொல்லும் சூழ்நிலைகளில் பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது:

1. பொருள் பழுதாகவோ குறைபாட்டோடோ இருந்தால்.
2. போலிப் பொருளாக இருந்தால்.
3. விளம்பரத்தில் சொன்ன தன்மை, வசதி பொருளில் இல்லை என்றால்.
4. சொன்ன தேதியைத் தாண்டித் தாமதமாக வந்தால் (வெள்ளம், புயல் மாதிரி யார் கையிலும் இல்லாத காரணம் என்றால் மட்டும் இதற்கு விலக்கு).

தன் சரக்கைத் தானே விற்கும் நிறுவனங்களுக்கும் இதே கட்டுப்பாடு 7-ஆவது விதியில் இருக்கிறது.

இப்போ இந்த நாலையும் திரும்பப் படிங்க. "பெட்டி திறக்கப்படாமல் இருந்தால் மட்டும்" என்று எங்கேயாவது இருக்கா? இல்லை. "சீல் உடையக் கூடாது" என்று இருக்கா? இல்லை. "அன்பாக்ஸிங் வீடியோ இருந்தால் மட்டும்" என்று இருக்கா? அதுவும் இல்லை. சட்டம் போடாத நிபந்தனையை கம்பெனி போடுது. நாட்டின் சட்டம் பெருசா, கம்பெனியின் ஆப்பில் பொடி எழுத்தில் இருக்கிற பாலிசி பெருசா?

பழைய கடைகளில் பில்லின் அடியில் "விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்து வைப்பாங்க, பார்த்திருப்பீங்க. பழுதான பொருளுக்கு அந்த வாசகத்தைக் காட்டித் தப்பிக்கக் கூடாது என்று நுகர்வோர் ஆணையங்கள் எத்தனையோ தடவை சொல்லியாச்சு. அதே பழைய வாசகம்தான் இப்போ சட்டை மாத்திக்கிட்டு "ஓப்பன் பாக்ஸ் ஐட்டம் நாட் எலிஜிபிள்" என்று வந்து நிக்குது.

*சோறு வடிச்ச குக்கரே திரும்பப் போகணும்னா...*

"திறந்து பயன்படுத்தின பொருளை எவன் திரும்ப எடுப்பான்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு நடந்த கதை.

வீட்டு பிரஷர் குக்கருக்குத் தர முத்திரை கட்டாயம் என்ற ஆணை 2021 பிப்ரவரி முதல் அமலில் இருக்கு. அதற்குப் பிறகும் தர முத்திரை இல்லாத குக்கர்கள் பெரிய தளங்களில் விற்பனையானது. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் உத்தரவு போட்டது. அமேசான் வழியாக விற்ற 2,265 குக்கர், ஃபிளிப்கார்ட் வழியாக விற்ற 598 குக்கர். வாங்கினவர்கள் எல்லாருக்கும் தகவல் சொல்லணும், குக்கர்களைத் திரும்பப் பெறணும், பணத்தைத் திருப்பித் தரணும், ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதமும் கட்டணும் என்று சொன்னது.

யோசிச்சுப் பாருங்க. அந்தக் குக்கர்கள் பெட்டியிலா இருந்திருக்கும்? பெட்டி எப்பவோ பழைய பேப்பர்க்காரரிடம் போயிருக்கும். எத்தனை வீட்டில் சோறு வெந்திருக்கும், பருப்பு வெந்திருக்கும்! அப்படிப்பட்ட குக்கரைத்தான் திரும்ப எடு, காசைக் கொடு என்று ஆணையம் சொன்னது. "நாங்க வெறும் இடைத்தரகர்தான்" என்ற வாதத்தையும் அது ஏற்கலை. அமேசான் அந்த 2,265 குக்கர் விற்றதில் மட்டும் கட்டணமாக 6 லட்சத்து 14 ஆயிரம் ரூபாய்க்கு மேல் சம்பாதித்தது. லாபம் வரும்போது கையை நீட்டுகிறவர், பிரச்சினை வரும்போது கையை விரிக்க முடியாது என்பதுதான் அந்த உத்தரவின் சாரம்.

நிறுவனங்கள் சும்மா இருக்கலை. டெல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அவங்களுக்கு டீ செலவு. ஆனாலும் எதிர்த்து நின்றாங்க. ஏன்? பணம் இல்லை விஷயம். "விற்ற பொருளுக்குத் தளமும் பொறுப்பு" என்ற கொள்கை நிலைச்சுடக் கூடாது என்பதுதான் விஷயம். அதைத்தான் நாம நிலைக்க வைக்கணும்.

*எப்படி எல்லாம் தப்பிக்கிறாங்க?*

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் நம்ம காசு ஏன் திரும்பி வரலை? அவங்களின் வழிகளைத் தெரிஞ்சுக்கோங்க.

ஒன்று, காலம் கடத்துவது. ரிட்டர்னுக்கு 7 நாள். புகார் சொன்னால் "டெக்னீஷியன் வந்து பார்ப்பார்" என்பாங்க. டெக்னீஷியன் மூணாம் நாள் வரலை, அஞ்சாம் நாள் வரலை. எட்டாம் நாள் போன் பண்ணினால் "ரிட்டர்ன் விண்டோ க்ளோஸ் ஆயிடுச்சு மேடம்." காலத்தைக் கடத்தினது அவங்க, தண்டனை நமக்கு.

இரண்டு, "ரிப்ளேஸ்மென்ட் ஒன்லி." கெட்டதுக்குப் பதில் இன்னொன்று தருவாங்களாம், பணம் தர மாட்டாங்களாம். இரண்டாவது வந்ததும் அதே பழுது. மூணாவதுக்குக் காத்திருக்கணும். நம்ம பணம் அவங்க கையில், நம்ம நேரம் வீணில்.

மூன்று, பந்தை உருட்டுவது. தளத்தைக் கேட்டால் "செல்லரைக் கேளுங்க." செல்லரைக் கேட்டால் "கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்க." சர்வீஸ் சென்டருக்குப் போனால் "ஆன்லைன்ல வாங்கினதா? அவங்ககிட்டயே கேளுங்க." ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அலைந்த மாதிரி மூணு வாசல் ஏறி இறங்கணும்.

நான்கு, வீடியோ கேட்பது. பெட்டியைத் திறக்கும்போது முழு வீடியோ எடுத்திருந்தால்தான் புகாரையே வாங்குவாங்களாம். வயலில் இருந்து வந்து பார்சல் வாங்குற பாட்டிக்கு ஒரு கையில் கேமரா, இன்னொரு கையில் கத்தரிக்கோலா? ஆதாரம் கேட்பது ஒன்று. ஆதாரம் இல்லை என்று புகாரையே பதிவு செய்ய மறுப்பது வேறு. இரண்டாவது அநியாயம்.

ஐந்து, பொத்தானை ஒளிச்சு வைப்பது. "பை நவ்" பட்டன் மஞ்சளாக, பெரிசாக, கண்ணில் குத்தும். "ரிட்டர்ன்" பட்டன் எங்கே? மூணு மெனுவுக்குள்ளே, ஒரு சாட்பாட்டுக்குப் பின்னாலே. வாங்குவதைச் சுலபமாகவும் விலகுவதைக் கஷ்டமாகவும் ஆக்குகிற இந்த மாதிரி வடிவமைப்புத் தந்திரங்களுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர். அதில் 13 வகையைப் பட்டியல் போட்டு, தடை செய்து ஒன்றிய அரசே 2023 நவம்பர் 30-ல் வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. பட்டியல் போட்டாச்சு. உங்க போனில் இருக்கிற ஆப்பைத் திறந்து பாருங்க, எத்தனை மாறியிருக்கு என்று நீங்களே சொல்லுங்க.

*சட்டத்திலும் ஓட்டை இருக்கு*

சட்டம் நம்ம பக்கம்தான். ஆனால் அதிலும் இரண்டு ஓட்டை இருக்கு. அதை மறைச்சு உங்ககிட்ட பேச மாட்டோம்.

முதல் ஓட்டை: "பில்லில் சொன்ன காலத்துக்குள்" என்ற வார்த்தை. பில்லில் காலம் எதுவும் இல்லை என்றால் 30 நாள். ஆனால் விற்கிறவரே 7 நாள் என்று எழுதிக்கொண்டால்? குறைந்தபட்சம் இத்தனை நாள் தரணும் என்று சட்டம் சொல்லலை. ஆட்டக்காரன் கையிலேயே விசிலைக் கொடுத்த கதை.

இரண்டாவது ஓட்டை: பொருளில் பழுது இல்லை, ஆனால் நேரில் பார்த்தால் நமக்குச் சரிப்படலை என்றால், திருப்பித் தரும் சட்ட உரிமை இந்தியாவில் இல்லை. கம்பெனி விரும்பினால் எடுத்துக்கொள்ளும், இல்லை என்றால் இல்லை.

இது உலக வழக்கமா? இல்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஆன்லைனில் வாங்கின பொருளை 14 நாளுக்குள், எந்தக் காரணமும் சொல்லாமல், திருப்பித் தரும் உரிமை சட்டத்திலேயே இருக்கு. கடையில் பார்க்கிற அளவுக்கு வீட்டில் திறந்து பார்க்கலாம், சோதிக்கலாம். அதற்கு மேல் பயன்படுத்திப் பொருளின் மதிப்பைக் குறைத்தால் அந்தக் குறைவுக்கு மட்டும் வாங்கினவர் பொறுப்பு. அவ்வளவுதான்.

அங்கேயும் கம்பெனிகள் சண்டை போட்டுப் பார்த்தாங்க. ஜெர்மனியில் ஒருத்தர் ஆன்லைனில் மெத்தை வாங்கினார். மேலே சுற்றியிருந்த பாதுகாப்பு உறையைப் பிரிச்சார். திருப்பி எடுத்துக்கோங்க என்றார். "உறையைப் பிரிச்சுட்டீங்க, சுகாதாரக் காரணத்தால் எடுக்க முடியாது" என்றது கம்பெனி. வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2019 மார்ச் 27-ல் தீர்ப்பு வந்தது: உறையைப் பிரித்தாலும் மெத்தையைத் திருப்பித் தரலாம். போட்டுப் பார்த்த துணியை வாங்கிச் சுத்தம் பண்ணி மறுபடி விற்க முடியும் என்றால் மெத்தையையும் விற்க முடியும் என்றது நீதிமன்றம்.

படுக்கிற மெத்தைக்கே அந்த நியாயம். இங்கே சார்ஜர் ஒன்றின் பிளாஸ்டிக் கவரைப் பிரிச்சால் நம்மைக் குற்றவாளி மாதிரி விசாரிக்கிறாங்க. அமேசான் ஜெர்மனியிலும் விற்குது, கோயம்புத்தூரிலும் விற்குது. அங்கே 14 நாள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் தொழில் நடத்த முடியுது, லாபமும் பார்க்க முடியுது. இங்கே மட்டும் கஷ்டமா? ஜெர்மன்காரர் காசும் காசு, கோயம்புத்தூர்க்காரர் காசும் காசு.

*"ஏமாத்துறவங்க இருக்காங்களே?"*

இருக்காங்க. கல்யாணத்துக்குச் சட்டை வாங்கிப் போட்டுக்கிட்டு மறுநாள் ரிட்டர்ன் போடுகிறவர், புது போனை எடுத்துக்கிட்டு பெட்டியில் சோப்பை வைக்கிறவர், இல்லை என்று சொல்ல மாட்டோம். அவங்களை ஆதாரத்தோடு பிடிங்க, நடவடிக்கை எடுங்க. ஆனா நாலு பேர் டிக்கெட் எடுக்கலை என்பதற்காக பஸ்ஸையே நிறுத்துவீங்களா? தனித்தனி ஏமாற்றுக்குத் தனித்தனி விசாரணைதான் பதில். எல்லாரையும் திருடனாக நினைக்கும் பாலிசி பதில் இல்லை.

உள்ளாடை, திறந்த அழகுசாதனம், உணவுப் பொருள் என்று வந்தால்? மனசு மாறினதுக்காகத் திறந்த உள்ளாடையைத் திருப்பித் தர முடியாது என்பது நியாயம்தான். ஐரோப்பாவிலும் இதற்கு விலக்கு இருக்கு. ஆனால் கிழிஞ்சு வந்தால், காலாவதியாகி வந்தால், போலியாக வந்தால் கதையே வேறு. அங்கே சுகாதாரம் என்ற சொல்லைக் கவசமாகப் பிடிக்க முடியாது.

இன்னொரு கேள்வியும் வரும். "திருப்பூரில் பனியன் தைத்து விற்கிறவர், கரூரில் பெட்ஷீட் விற்கிறவர், இந்தச் சின்ன வியாபாரிகள் ரிட்டர்னால் நொடிச்சுப் போறாங்களே, அவங்க பக்கம் யார்?" நாங்கதான். சின்ன விற்பனையாளரை நொடிக்க வைப்பது வாங்குகிறவரின் உரிமை இல்லை. தளம் தன் கமிஷனைப் பிடிச்சுக்கிட்டு, போக்குவரத்துச் செலவையும் சேதத்தையும் விற்பனையாளர் தலையில் கட்டுதே, அதுதான் நொடிக்க வைக்குது. கூரியரில் தூக்கிப் போட்டு உடைஞ்ச பொருளுக்குத் தைத்தவர் ஏன் நஷ்டப்படணும்? வாங்குகிறவரையும் விற்கிறவரையும் மோதவிட்டு நடுவில் நின்று இரண்டு பக்கமும் வசூல் பண்ணுகிறவரைக் கேளுங்க.

அப்புறம் ஒரு முக்கியமான வேண்டுகோள். பார்சல் கொண்டுவருகிற தம்பியிடம் கோபத்தைக் காட்டாதீங்க. அவருக்கு ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி. வெயிலில் மாடி ஏறி இறங்குகிறவர். பாலிசி எழுதினவர் குளிர் அறையில் உட்கார்ந்திருக்கார். சண்டை அங்கே.

*நீங்க என்ன செய்யணும்?*

1. பொருளின் பக்கத்தை ஆர்டர் போடும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க. பிறகு அதில் உள்ள விவரத்தை மாற்றிவிட்டால் "விளம்பரத்தில் சொன்னது இதுதான்" என்று காட்ட உங்ககிட்ட ஆதாரம் இருக்கும். பில்லையும் சேமிச்சு வையுங்க.

2. முடிந்தால் பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுங்க. சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால் வழக்கு என்று வந்தால் பழுதை நாமதான் காட்டணும், அப்போ இது கை கொடுக்கும். வீடியோ இல்லையா? பயப்படாதீங்க, பழுதைக் காட்டும் படங்களும் நீங்க அனுப்பின புகாரும் ஆதாரம்தான்.

3. டெலிவரி செய்யும்போதே திறந்து காட்டும் முறை இருந்தால், பொருளைப் பார்த்து முடிச்ச பிறகு மட்டும் ஓ.டி.பி. சொல்லுங்க. ஓ.டி.பி. கொடுத்தால் "சரியாக இருந்தது" என்று நீங்க கையெழுத்துப் போட்ட மாதிரி அவங்க எடுத்துக்குவாங்க.

4. ரிட்டர்ன் போடும்போது காரணம் கேட்கும். அவசரத்தில் "இனி தேவையில்லை" என்பதைத் தொடாதீங்க. அது மனசு மாறினதாகக் கணக்காகும். பழுது என்றால் "பழுது", வேறு பொருள் வந்தது என்றால் "வேறு பொருள்", உண்மையான காரணத்தையே போடுங்க.

5. போனில் பேசினது போதாது. எழுத்தில் புகார் கொடுங்க. ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டாகணும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ளணும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கணும். இது 2020 விதி. புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்க.

6. "செல்லர் யார்னு தெரியாது" என்று சொன்னால் விடாதீங்க. எழுத்தில் கேட்டால் விற்பனையாளரின் முகவரி, மின்னஞ்சல் உட்பட விவரம் தர வேண்டியது தளத்தின் கடமை.

7. அப்பவும் நடக்கலையா? 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். இவங்க தீர்ப்புச் சொல்ல மாட்டாங்க, ஆனால் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பாங்க. பல விஷயம் இங்கேயே முடிஞ்சுடும்.

8. அதற்கும் அசையலையா? உங்க மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் குர்கானில் இருந்தாலும் நீங்க அங்கே போக வேண்டியதில்லை. நீங்க குடியிருக்கிற, வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் பூஜ்யம். வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்களே பேசலாம். ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை வந்த நாளில் இருந்து இரண்டு வருஷத்துக்குள் போடணும். ஆணையத்தின் உத்தரவை மதிக்காத கம்பெனிக்காரருக்குச் சிறைத் தண்டனை வரை சட்டத்தில் இடம் இருக்கு.

"800 ரூபாய் பொருளுக்கு வழக்கா?" என்று நினைக்கிறீங்க இல்லையா? அவங்க கணக்கே அதுதான். 800 ரூபாய்க்கு எவன் வரப் போறான் என்ற நம்பிக்கையில்தான் இந்த பாலிசியே நிக்குது. ஒருத்தருக்கு 800 ரூபாய் சின்னத் தொகை. லட்சம் பேரிடம் இப்படி எடுத்தால் அது 8 கோடி. நாம தனித்தனியாகச் சலிச்சுப் போறோம், அவங்க மொத்தமாக எண்ணிக்கிறாங்க.

*எங்கள் கோரிக்கை*

ஒன்றிய அரசைக் கேட்கிறோம்:

ஒன்று. "திறந்த பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை" என்ற நிபந்தனை பழுதான, போலியான, விளம்பரத்துக்கு மாறான பொருளுக்குச் செல்லாது என்று மின்வணிக விதிகளில் வெளிப்படையாக ஒரு வரி சேருங்கள். இருக்கிற சட்டத்தின் பொருள் அதுதான். ஆனால் கஸ்டமர் கேரில் வாதாடுகிற சாதாரண மனிதர் கையில் காட்ட ஒரு வரி வேண்டும்.

இரண்டு. திருப்பித் தரும் காலத்துக்குக் குறைந்தபட்ச நாளை விற்கிறவர் இல்லை, சட்டம் முடிவு செய்யட்டும். புகார் கொடுத்த நாளோடு அந்தக் கடிகாரம் நிற்கட்டும். டெக்னீஷியன் வராத நாளை நம்ம கணக்கில் எழுதக் கூடாது.

மூன்று. ஆன்லைனில் வாங்கின பொருளைக் கடையில் பார்ப்பது போல் திறந்து பார்த்து, காரணம் சொல்லாமல் திருப்பித் தர 14 நாள் உரிமை. நியாயமான விலக்குகளோடு.

நான்கு. ரிட்டர்ன் செலவை சின்ன விற்பனையாளர் தலையில் மட்டும் கட்டாதபடி தளங்களுக்கும் பங்கு.

ஐந்து. வாங்கும் மொழியில் புகாரும். தமிழில் விளம்பரம் காட்டி விற்கத் தெரிகிற ஆப்புக்குத் தமிழில் புகார் வாங்கவும் தெரியணும்.

மாநில அரசுக்கும் ஒன்று: நுகர்வோர் ஆணையங்களில் காலி இடங்களை விட்டுவைக்காதீங்க. பழுதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பத் தேவையில்லாத புகாரை மூணு மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்லுது. உட்கார ஆளே இல்லாத ஆணையத்தில் எந்த மாதத்தில் தீர்ப்பு வரும்?

மக்களே, இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. உழைத்த காசுக்கு ஓடுகிற பொருள் வேண்டும். ஓடலை என்றால் காசு திரும்ப வேண்டும். நம்ம தெரு முனைக் கடை அண்ணாச்சி இதை எந்தச் சட்டமும் படிக்காமல் செய்கிறார். "தேங்காய் அழுகலா இருந்துச்சா, கொண்டா, வேற எடுத்துக்கோ" என்கிறார். உடைச்ச தேங்காயைத்தான் திரும்ப வாங்குகிறார். உடைக்காமல் அழுகல் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். கோடிக்கணக்கில் வியாபாரம் செய்கிற கம்பெனிகளுக்கு மட்டும் அது தெரியாதா?

தெரியும். நாம கேட்கிற வரைக்கும் தெரியாத மாதிரியே இருப்பாங்க.

இந்த முறை கேளுங்க. எழுத்தில் கேளுங்க. புகார் எண் வாங்கிக் கேளுங்க. உங்க பகுதிக் கட்சி அலுவலகத்துக்கு பில்லோடு வாங்க, புகார் எழுத நம்ம தோழர்கள் உதவுவாங்க. ஒரு பைசா வாங்க மாட்டாங்க.

படிச்சுட்டுக் கடந்து போகாமல், ஆன்லைனில் பொருள் வாங்குகிற நாலு பேருக்காவது அனுப்புங்க. 1915 என்ற எண்ணை இப்பவே போனில் பதிஞ்சு வையுங்க.

#திறந்தால்தான்தெரியும்
#காசுகொடுத்தவருக்குஉரிமைஉண்டு
#அழையுங்கள்1915